மாமாங்கத்திலிருந்து மண்டூருக்கு: படுவான்கரை வழியே ஒரு நடை

முதல் நாள்: மாமாங்கம் – வலையிறவு – கன்னன்குடா

விடியற்காலை நாலரை மணிக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக் குளத்தில் கால் நனைத்துவிட்டுப் புறப்பட்டோம். நானும் பெரியம்மாவும் மட்டும்தான். பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. சிறுமியாக இருந்தபோது தகப்பனாரின் மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்து மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனவர். அந்த வழியை இன்னொரு தடவை காலால் நடந்து பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆவணியில் எனக்கு ஐந்து நாள் விடுப்புக் கிடைத்தது.

கிழக்கில் பாதயாத்திரை என்றாலே எல்லோருக்கும் கதிர்காமம்தான் நினைவுக்கு வரும். செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு கிளம்பும் அடியார்கள் மட்டக்களப்பைத் தாண்டி, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கடலோரமாகவே போய், உகந்தையில் தங்கி, குமண காட்டுக்குள் இறங்குவார்கள். நாங்கள் போவது வாவியின் மற்றக் கரையால். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான எங்கள் மட்டக்களப்பு வாவி இந்த மண்ணை இரண்டாக வகிர்ந்து வைத்திருக்கிறது. கடல் பக்கம், சூரியன் எழுகிற எழுவான்கரை. மேற்கே, சூரியன் படுகிற படுவான்கரை. பெரிய வீதியும் கடைத்தெருவும் எழுவான்கரைக்கு வாய்த்தன. குளமும் வயலும் மாட்டுப்பட்டியும் படுவான்கரைக்கு.

வலையிறவுப் பாலத்தில் நின்று கிழக்கு வெளுப்பதைப் பார்த்தோம். தோணிகள் வலை தூக்கிக்கொண்டிருந்தன. 2007 வரை இந்தப் பாலத்தைத் தாண்டுவது இலேசான காரியம் அன்று. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வவுணதீவுச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற நாட்கள் பெரியம்மாவுக்குக் கோயில் திருவிழாக்களை விடவும் துல்லியமாக நினைவிருக்கின்றன. இன்று எங்களை யாரும் மறிக்கவில்லை. அவர் மட்டும் பாலத்தின் முடிவில் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தார்.

வவுணதீவுச் சந்தியில் ஏழெட்டுப் பேர் செபமாலையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆயித்தியமலைக்கு, சதாசகாய அன்னையின் செப்டெம்பர்த் திருவிழாவுக்கு நடக்கிறவர்கள். ஒரே தண்ணீர்ப் பானையிலிருந்து நாங்களும் அவர்களும் போத்தல்களை நிரப்பிக்கொண்டோம். அவர்கள் மேற்கே திரும்பினார்கள், நாங்கள் தெற்கே. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் இந்த வவுணதீவில்தான் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்கு வருகிறது. என் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது இந்தப் பக்கத்தை ஒருநாளாவது நினைத்திருக்கிறேனா என்று யோசித்தபடியே நடந்தேன்.

சந்தியைத் தாண்டியதும் வீதியின் பாதி மஞ்சளாகிவிட்டது. சிறுபோகம் என்கிற கோடைப் போகத்தின் அறுவடை நேரம். படங்கு இருந்தவர்கள் படங்கு விரித்து, இல்லாதவர்கள் கார்ப்பட் வீதியிலேயே கொட்டி, நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கிலோமீற்றர் கணக்காக நெல். பெரியம்மா செருப்புப் போடாமல் வருகிறார். நெல்லில் கால் படக்கூடாது என்று வீதியோரத்து நெருஞ்சிப் புல்லில் இறங்கி நடந்தார். ஓரிடத்தில் ஒரு பெண் தன் நெல்லைக் காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார். “பாருங்கள் பெரியம்மா, அவரே மிதிக்கிறார்” என்றேன்.

“அது அவளுடைய நெல், மகள். எது காய்ந்தது, எது காயவில்லை என்று அவளுடைய காலுக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்?”

அந்தப் பெண்ணுக்கு இது கேட்டிருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று கேட்டார். மண்டூருக்கு என்றதும் முகம் மாறிவிட்டது. வருடா வருடம் போகிறவராம். இந்த முறை அறுவடையும் திருவிழாவும் ஒன்றாக வந்துவிட்டன. “நெல்லை விட்டு அசைய முடியாது அம்மா. மாடு வந்தாலும் போயிற்று, மழை இருட்டினாலும் போயிற்று.” சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, ஒரு கைப்பிடி நெல்லை அதில் முடிந்து, பெரியம்மாவின் கையில் வைத்தார். “இதை அவன் காலடியில் வைத்துவிடுங்கள்.”

பெரியம்மா அதை மடியில் செருகிக்கொண்டார். இன்றிரவு கன்னன்குடாவில், பெரியம்மாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் திண்ணையில் படுத்திருக்கிறோம். பிட்டும் கட்டித் தயிரும் தந்தார்கள். இந்த ஊரின் கூத்துக்கு வட்டக்களரி கட்டி விடிய விடிய ஆடிய காலத்தை வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டபடியே இதை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: கன்னன்குடா – கொக்கட்டிச்சோலை

இன்று வீதியை விட்டு வட்டைக்குள் இறங்கினோம். வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே மட்டமாக விரிந்து கிடக்கும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. தொலைவில் ஒரு மருத மரம் தெரியும். அதை நோக்கி ஒரு மணி நேரம் நடப்பீர்கள். மரம் அப்படியே இருக்கும். பிறகு திடீரென்று நீங்கள் அதன் நிழலில் நிற்பீர்கள். மலையேறுகிறவனுக்குத் தான் எவ்வளவு வந்துவிட்டான் என்று திரும்பிப் பார்க்க ஒரு பள்ளம் இருக்கிறது. இங்கே அது கிடையாது. அடுத்த மரத்தை நம்பித்தான் நடக்க வேண்டும்.

இரண்டு விதமான வயலை மாறி மாறிக் கடந்தோம். குளத்து வாய்க்கால் எட்டுகிற கண்டங்களில் நெல் சாய்ந்து நிற்கிறது, அல்லது அறுத்த தாள் மின்னுகிறது. வாய்க்கால் எட்டாதவை மாரி மழைக்குக் காத்து வெடித்துக் கிடக்கின்றன. அந்த வெடிப்புக்குள் என் விரல் முழுதும் இறங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை மழை வரும்வரை அந்த நிலத்துக்கு வேலை இல்லை. ஒரே வரம்பின் இரண்டு பக்கம் இரண்டு வேறு நாடுகள்போல இருக்கின்றன.

கச்சான் காற்று பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. காய்ந்த வயலைத் தடவி வருகிற அந்த மேல்காற்று, உதட்டையும் கண்ணையும் உலர்த்திவிடும். நிழலுக்கு ஏங்கியபோதுதான் பெரியம்மா சொன்னார்: “சூறாவளிக்கு முன்னே இந்த வழி முழுக்க மரம். அப்பாவின் வண்டியில் தொப்பி போடவே தேவையில்லை.” 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியைச் சொல்கிறார். அன்று விழுந்தவை விழுந்தவைதான். அதன்பிறகு வீதி அகட்ட என்றும், காவலுக்கு வெளி தெரிய வேண்டும் என்றும் மிச்சமும் போயின. எனக்கு இதில் கோபம் உண்டு. சீமெந்து மண்டபத்துக்கும் வர்ணக் கோபுரத்துக்கும் நாம் திரட்டுகிற பணத்தில் நூற்றில் ஒரு பங்கை மரம் வைத்து, வேலி கட்டி, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றச் செலவிட்டால், இந்த வழியில் மறுபடி நடக்க ஆள் வரும். நிழலில்லாத வழியில் பக்தி உள்ளவனும் பஸ்ஸில்தான் போவான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

வாய்க்கால் மதகடியில் ஒரு வட்டவிதானை இருந்தார். குளத்திலிருந்து வருகிற தண்ணீரை எந்தக் கண்டத்துக்கு எப்போது திருப்புவது என்று பார்ப்பவர் அவர். சண்டையும் சமாதானமும் அவர் தலையில். எங்கள் வழி தப்பிவிட்டது என்று அவர்தான் காட்டினார். கடைசி மடைக்காரர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதே இந்தப் போகம் முழுக்கத் தன்னுடைய ஒரே பிரார்த்தனை என்றார். பெரியம்மா மடியிலிருந்த முடிச்சை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். நான் முகம் கழுவிவிட்டு வரும்போது, இரண்டாவது முடிச்சும் ஏறியிருந்தது. பொலித்தீன் துண்டில் கட்டியிருந்தார். அது கடைசி மடை வயலின் நெல்லாம்.

மாலையில் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீச்சரத்துக் கதையைப் பெரியம்மா கோயில் வாசலிலேயே மறுபடி சொன்னார். தேன் எடுக்க வந்த வேடன் கொக்கட்டி மரத்தில் கோடரி போட்டான். பட்ட இடத்தில் இரத்தம் வடிந்தது. பதறிப்போய்த் தன் உடையை அவிழ்த்து அந்த இலிங்கத்தை மூடினான். பிறகு பறங்கித் தளபதி கோயிலை இடிக்க வந்தபோது, கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது. சின்ன வயதில் எனக்கு நந்தியின் கதை பிடிக்கும். இப்போது வேடன். வெட்டிய கையே துணியை எடுத்துக் காயத்தை மூடியது என்கிற இடத்தில் மனம் நின்றுவிடுகிறது.

கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் 1991 ஜூன் 12 அன்று கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. பெரியம்மா அங்கே போக விரும்பவில்லை. கோயில் மணி அடித்தபோது அந்தத் திசைக்குத் திரும்பி நின்று கும்பிட்டார். நான் கேட்கவில்லை.

மண்முனைப் பாலம் வந்த 2014 முதல் எழுவான்கரையிலிருந்து இங்கே வருவது சில நிமிட வேலை. அதற்கு முன் ‘பாதை’யில்தான் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்றே சொல்வோம். மண்டூரில் ஒன்று இருக்கிறது. அதில் ஏறித்தான் வீடு திரும்பப்போகிறோம்.

மூன்றாம் நாள்: அம்பிளாந்துறை – பழுகாமம்

இன்று குறைவாகவே எழுதுகிறேன். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. பெரியம்மா தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசிவிட்டு, “செருப்புத்தான் உனக்கு எதிரி” என்றார். வெறுங்காலுடன் அரை மணி நேரம் நடந்து பார்த்தேன். வரம்பு மண்ணில் நன்றாக இருந்தது. தார் வீதி வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அம்பிளாந்துறையில் வாவிக்கரை. அக்கரையில் குருக்கள்மடத்துத் தென்னைகள். வீதியோரத்தில் வத்தகைப்பழமும் அவித்த சோளனும் விற்ற பெண், பணம் வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதில் மூன்றாவது முடிச்சு வந்தது. அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறானாம்; நெல் அவனுடைய வயலின் நெல்.

நான்காவதைச் சொல்லியே ஆக வேண்டும். பழுகாமத்துக்கு வரும் வழியில், வயல் நடுவே பரணிலிருந்து ஒரு வயதான ஐயா இறங்கி வந்தார். இரவு முழுக்க யானைக் காவல். கண் சிவந்திருந்தது. அவருடைய வயலைப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய வீதி போட்டதுபோல் நெல் படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு கால்தடத்திலும் கிணற்றுவாளி அளவு பள்ளம், அதற்குள் உதிர்ந்த நெல். நாளைக்கு அறுவடை இயந்திரம் வருவதாக இருந்ததாம். ஒரே ஒரு இரவு முந்திவிட்டது யானை. அவர் யானையைத் திட்டவில்லை. “அதற்கும் காடு இல்லை. எனக்கும் வேறு நிலம் இல்லை” என்று சொல்லிவிட்டு, ஒரு பள்ளத்துக்குள் குனிந்து, மண்ணோடு ஒரு கைப்பிடி அள்ளினார். ஊதி ஊதி மண்ணைப் போக்கினார். “அது விட்டுவைத்ததில் ஒரு பங்கு” என்று நீட்டினார்.

பெரியம்மா அதைத் தன் கைக்குட்டையில் முடிந்தார். அதன்பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை.

பழுகாமத்தில் பெரியம்மாவின் மச்சாள் வீட்டில் தங்கியிருக்கிறோம். திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன ஊர். இப்போது இரவு பதினொரு மணி. தூரத்தில் யானைவெடி கேட்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் அந்த ஐயாவின் பரண் நினைவுக்கு வருகிறது.

நான்காம் நாள்: மண்டூர்

போரதீவு தாண்டியதும் கூட்டம் சேரத் தொடங்கியது. உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பம் குடும்பமாக, மோட்டார் சைக்கிளில் நான்கு பேராக, நடந்தும் சிலர். வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்தின் சிறுவன் பெரியம்மாவைப் பார்த்து, “பெத்தா, உங்களுக்குக் கால் சுடவில்லையா?” என்று கேட்டான். “சுடுகிறது மனே” என்றார். அவன் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தான். இந்தப் பகுதி நவகிரிக் குளத்துத் தண்ணீரில் விளைவது. பச்சை இன்னும் மிச்சமிருக்கிறது. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் கொக்குகள் நடந்து போயின.

நண்பகலுக்குச் சற்று முன் கந்தசுவாமி கோயிலின் மரங்கள் தெரிந்தன. தில்லை மண்டூர் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். சின்னக் கதிர்காமம் என்றும். கதிர்காமத்தைப் போலவே இங்கேயும் வேதமந்திரம் ஓதுவதில்லை. பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே பூசை செய்வார். உள்ளே என்ன நடக்கிறது என்று காணவும் முடியாது, கேட்கவும் முடியாது. வெளியே மணி, பறை, அரோகரா. நான்கு நாளாக வட்டையில் காற்றையும் ஆள்காட்டியின் சத்தத்தையும் தவிர வேறெதையும் கேட்காமல் வந்தவளுக்கு அந்த மௌனப் பூசை அந்நியமாக இல்லை. வரம்பில் ஒருவர் பின் ஒருவராகப் பேசாமல் நடந்ததும் இதே காரியத்தின் ஒரு பகுதிதான் என்று எனக்குத் தோன்றியது.

முடிச்சுகள் ஐந்தாகியிருந்தன. பழுகாமத்து மச்சாள் இன்று காலை தன் பங்கைத் தந்திருந்தார். பெரியம்மா ஐந்தையும் சொல்லிச் சொல்லி வந்தார்: சேலைக் கீற்று வவுணதீவு, பொலித்தீன் கடைசி மடை, பழைய உறை மகனுடைய வயல், கைக்குட்டை யானை, வெற்றிலைச் சுருள் மச்சாள். கலந்துவிடக்கூடாது, எது யாருடையது என்று சொல்லி வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சந்நிதியில் நெருக்கடி. தட்டை வாங்கியவர் முடிச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்து ஒரே பெரிய பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டார். ஏற்கெனவே அதில் யார் யாருடைய நெல்லெல்லாமோ நிறைந்திருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

பெரியம்மா திகைத்துப்போய் நின்றார். எனக்கு அவருக்காக மனம் பதறியது. வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே விட்டது. வெளிவீதியின் மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். “அந்த ஐயா ஊதி ஊதித் தந்தது” என்று மட்டும் சொன்னார். நான் தண்ணீர் கொடுத்தேன். காலையில் கூட வந்த சிறுவன் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரவுப் பூசைக்கு, சின்னப் பெண்பிள்ளைகள் வெள்ளை உடுத்து, விளக்கேந்தி ஆலாத்தி எடுக்க வந்தபோதுதான் பெரியம்மா எழுந்தார்.

அன்னதானத்துக்குச் சோறு வெந்த கிடாரங்களை மடப்பள்ளி வாசலில் பார்த்தேன். அந்த நெல்லில் இந்தச் சோறு இல்லை என்று எனக்குத் தெரியும். நெல் குற்றி அரிசியாக நாளெடுக்கும். ஆனாலும் இலையில் விழுந்த சோற்றைப் பெரியம்மா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நானும்.

ஐந்தாம் நாள்: குருமண்வெளித் துறை

காலை ஏழு மணிக்குப் பாதையில் ஏறினோம். மோட்டார் சைக்கிள்கள், பாடசாலைப் பிள்ளைகள், ஆசிரியர்கள், இரண்டு மரக்கறிக் கூடைகள், நாங்கள். தண்ணீர் மட்டம் குறைந்திருந்தது. கரையோரத்துச் சதுப்பில் தில்லை மரங்களின் வேர் தெரிந்தது. நடுவாவியில் பெரியம்மா திரும்பி மண்டூர்க் கரையைப் பார்த்தபடி நின்றார். நான் எழுவான்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் முதலில் குளிக்க வேண்டும், பிறகு கொப்புளத்துக்கு மருந்து என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குருமண்வெளியில் இறங்கி, பெரிய வீதிக்கு நடந்து, மட்டக்களப்பு பஸ் பிடித்தோம். நான்கு நாள் நடந்த தூரத்தை பஸ் எவ்வளவு வேகமாகக் கடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம், ஆரையம்பதி. ஜன்னலுக்கு அப்பால் இடையிடையே வாவி. அதற்கும் அப்பால் ஒரு மெல்லிய பச்சைக் கோடு.

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது பெரியம்மா மடியிலிருந்து வெற்றுத் துணிகளை எடுத்தார். சேலைக் கீற்று, பொலித்தீன் துண்டு, பழைய உறை, கைக்குட்டை. வெற்றிலை காய்ந்து போயிருந்தது, அதையும் வைத்திருந்தார். சந்நிதியில் தட்டை வாங்கியவரிடம் அவற்றை எப்போது திருப்பிக் கேட்டு வாங்கினாரோ தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை திருநீறு முடிந்திருந்தது.

“நாளைக்கு வவுணதீவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வை” என்றார். “யானைக்காரருடையதை வைத்துக்கொண்டு எனக்கு நித்திரை வராது.”